ரயிலில் என் வீட்டார், பாலத்தில் நான்

எனக்கு ரயில்வேயில் வேலை கிடைத்த செய்தி வந்த அன்று, திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருக்கும் தெரு முழுக்க என் மாமியார் மைசூர்பாகு கொடுத்தார். மேல்வீடு, கீழ்வீடு, முக்குக்கடை, எதிர்ச்சாரியில் பிரியாணி மசாலா அரைக்கிற பாய் வீடு, ஒன்றையும் விடவில்லை. "மதுரை ஆபீஸ்ல போட்டிருக்காக" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லிவிட்டு வந்தார். பொய் சொல்ல வேண்டுமென்று சொன்னதல்ல. அவர் அப்படித்தான் நம்பியிருந்தார். எனக்கு வந்த தாளில் 'டிராக் மெயின்டெய்னர்' என்று போட்டிருந்தது. மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிற என் கணவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "ரயில் எங்கெங்க போவுதுன்னு கம்ப்யூட்டர்ல பாத்து டிராக் பண்ற வேலையா இருக்கும்" என்றார். கணக்கில் பட்டம் வாங்கியவள் நான். எனக்கும் அது சரியென்றே பட்டது.

வேலையில் சேர்ந்த முதல் நாள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டையும், ஆண்கள் அளவில் ஒரு ஜோடி பூட்ஸும், என் தோள் உயரத்துக்கு ஒரு கடப்பாரையும் கொடுத்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து உள்ளங்கையில் எழும்பியிருந்த கொப்புளங்களைக் காட்டினேன். மாமியார் தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுத்துவந்து என் கையில் தடவினார்.

"தண்டவாளத்துல ஜல்லி தள்ற வேலையா?"

"ஆமா அத்தை. போல்ட்டு முடுக்கணும், கட்டை மாத்தணும், எல்லாந்தான்."

"சரி. வேல வேலதான். ஆனா தெருவுல சொல்லிட்டேன். இனிமே மாத்திச் சொன்னா நல்லாருக்காது. ஆபீஸ்னே இருக்கட்டும்."

அப்படியே இருந்தது. இரண்டு வருடம்.

கடப்பாரை பிடிப்பது எனக்குப் புதிதில்லை. நான் பிறந்த அகரம் என்கிற ஊரில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் சோளக்காடும் கிணறும் உண்டு. கல்லூரி விடுமுறையில் வரப்பு வெட்டியிருக்கிறேன், மடை மாற்றியிருக்கிறேன். பத்து நாளில் கொப்புளம் காய்ந்து கை பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்றுதான். மதுரைக்குள் ரயில் நுழையும் முன்னால் வைகையைத் தாண்டுகிற அந்தப் பழைய பாலம்.

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்கு ரயிலில் போகிற எல்லோரும் அதன் மேல் போயிருக்கிறோம். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது ஒரு சத்தம் மட்டுமே. தடதடவென்று கேட்டதும் பையை மேலிருந்து இறக்கி, செருப்பைத் தேடி, பிள்ளைகளை எழுப்பிக் கதவுப் பக்கம் போவார்கள். நானும் பள்ளிக்கூட நாளிலிருந்து அதைத்தான் செய்திருக்கிறேன். அந்தப் பாலத்தை வெள்ளைக்காரன் கட்டினான் என்பதும், கல் தூண்களின் மேல் கர்டர் என்கிற நீண்ட இரும்பு உத்தரங்கள் படுத்திருக்கின்றன என்பதும் கீழே நின்று பார்க்கும்வரை எனக்குத் தெரியாது. கர்டரின் பக்கவாட்டில், வார்த்தெடுத்த கம்பெனியின் பெயர் ஆங்கிலத்தில் புடைப்பாக இருக்கிறது. பாதி எழுத்துகளைத் துரு தின்றுவிட்டது. மீதியின் மேல் எத்தனையோ முறை பூசிய பெயிண்ட் தடித்துக் கிடக்கிறது.

எங்கள் குழுவுக்கு ஒரு மேஸ்திரி. அவருக்குக் கீழே பன்னிரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். இன்னொருத்தி பழனிக்குப் பக்கம் நெய்க்காரப்பட்டிக்காரி, என்னைவிட மூன்று வயது இளையவள், கல்யாணமாகாதவள். நானும் அவளும் ஒரே நாளில் சேர்ந்தோம். ஒரே நாளில் பாலத்தின் மேல் ஏறினோம்.

தரையில் கிடக்கும் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி இருக்கும், ஜல்லிக்கு அடியில் மண் இருக்கும். பாலத்தில் அது கிடையாது. தண்டவாளத்தைத் தாங்குகிற குறுக்குக் கட்டைகளுக்கு நடுவில் வெறும் காற்று. அதற்குக் கீழே ஆற்று மணல், ஆகாயத்தாமரை, நின்று மேயும் எருமைகளின் முதுகு. நடப்பதற்காக நடுவில் ஒரு தகரப் பாதை போட்டிருந்தார்கள், அதுவும் கால் வைத்தால் டப்பென்று சத்தமிட்டு அமுங்கும். நான்காவது கட்டையில் எனக்குக் கால் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் வந்தவள் உட்கார்ந்தே விட்டாள். இரண்டு பேரும் தவழ்ந்துதான் கரைக்குத் திரும்பினோம். ஆட்கள் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. கரையோரம் முளைத்திருந்த புல்லைக் காட்டி, "நீங்க ரெண்டு பேரும் இத வெட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் புல் வெட்டினோம். மூன்றாம் நாள் காலையில் அவள் அரிவாளைக் கீழே போட்டாள்.

"ஏனுங்க்கா, புல்லுப் புடுங்கறதுக்குங்களா நாம பரீட்ச எழுதினோம்?"

"பயமா இருக்குல்ல."

"எனக்குந்தான் இருக்குதுங்க. பேசிக்கிட்டே போயிட்டா என்னுங்க்கா? எங்கூர்ல சுடுகாட்டத் தாண்டும்போது அப்படித்தான் போவோமுங்க."

பேசிக்கொண்டே போனோம். அவள் தன் அக்காவுக்குப் பார்த்த மாப்பிள்ளைகளைப் பற்றி ஆரம்பித்தாள். ஒருவன் பெண் பார்க்க வந்த இடத்தில் காப்பி சூடாக இல்லை என்று எழுந்து போயிருக்கிறான். இரண்டாவது ஆள் தன் அம்மாவைக் கேட்காமல் பெயர்கூடச் சொல்லவில்லை. மூன்றாவது மாப்பிள்ளைக்கு வரும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் தென்கரை. கோயில் கோபுரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுபோலத் தெரிந்தன. அன்றைக்குத் திரும்பி வரும்போது என் முறை. என் கணவர் கல்யாணத்துக்கு முன்னால் எனக்கு முதன்முதலாக வாங்கிக்கொடுத்த புடவை முதல் துவைப்பிலேயே எப்படிச் சாயம் போனதென்று சொன்னேன். அது முடிவதற்குள் வடகரை வந்துவிட்டது.

பயம் எந்த நாளில் போனதென்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. ஒருநாள் பாலத்தின் நடுவில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். குடித்து முடித்த பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்பதே உறைத்தது.

அந்தப் பாலம் எனக்குப் பிடித்துப்போனது அதற்குப் பிறகுதான். ஐப்பசியில் அணை திறந்தால் கரைக்குக் கரை செம்பழுப்பாகத் தண்ணீர் ஓடும். பங்குனியில் வெறும் மணல். அதிலும் ஓரமாக ஒரு சின்ன ஓடையில் துணி வெளுப்பவர்கள் வேட்டிகளைக் காயப்போட்டிருப்பார்கள். மேலிருந்து பார்த்தால் மணலில் வெள்ளைக் கட்டம் போட்டதுபோல இருக்கும். பாலத்தின் ஓரத்தில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒன்றாகச் சின்ன இரும்பு மேடைகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. வண்டி வந்தால் அதில் ஒதுங்கிக்கொள்ளவேண்டும். இரண்டு பேர் நிற்கலாம், மூன்றாமவர் நின்றால் இடிக்கும். வண்டி வருவதை முதலில் சொல்வது காது இல்லை, பாதம். இரும்பு மெதுவாகத் துடிக்கத் தொடங்கும். அப்புறம்தான் சத்தம் வரும்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

என் கொழுந்தனுக்கு, அதாவது என் கணவரின் தம்பிக்கு, மதுரையில் பெண் நிச்சயமானது. நிச்சயதார்த்தம் பெண் வீட்டார் பார்த்திருந்த மண்டபத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றுக்கு மேல், பன்னிரண்டுக்குள் தட்டு மாற்றவேண்டும். பன்னிரண்டுக்கு எமகண்டம் தொடங்கிவிடும். என் மாமியாருக்கு வேன் ஆகாது, சின்னாளபட்டி தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். ஆகவே உறவு முப்பது பேரும் காலை ரயிலில் போவதென்று முடிவானது. பத்து மணிக்கெல்லாம் மதுரை போய்விடலாம், நேரம் கிடக்கிறது என்று கணக்கு.

அதே ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் எங்களுக்குப் பாலத்தில் பிளாக் கொடுத்தார்கள். பிளாக் என்றால், சொன்ன நேரத்துக்கு அந்த லைனில் வண்டி விடாமல் நிறுத்தி எங்களிடம் ஒப்படைப்பது. ஏழிலிருந்து ஒன்பதரை வரை. பாலத்தின் இரண்டு கண்களில், அதாவது தூணுக்கும் தூணுக்கும் இடைப்பட்ட பகுதிகளில், பழைய மரக் கட்டைகளை எடுத்துவிட்டு இரும்புக் கட்டைகளைப் போடவேண்டும். விடுப்பு கேட்டேன். மேஸ்திரி தலையைச் சொறிந்தார்.

"பிளாக் அன்னைக்கு ஒரு ஆள் கொறஞ்சாலும் தாங்காதும்மா. ஒம்பதரைக்கு முடிஞ்சிரும். முடிஞ்சதும் நீ கெளம்பிரு. வண்டி வர்றதுக்குள்ள நீ மண்டபத்துல இருப்ப."

மாமியாரிடம் சொன்னேன். சரி, ஆனால் உறவுகளிடம் வேறுமாதிரி சொல்லிக்கொள்கிறேன் என்றார். "ஆபீஸ்ல ஆடிட்டுன்னு சொல்லிர்றேன்." பட்டுப்புடவையை ஒரு பையில் மடித்து எடுத்துக்கொண்டு விடியற்காலை வண்டியில் நான் முன்னால் போய்விட்டேன்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. கட்டையைக் கர்டரோடு பிடித்து வைத்திருப்பது கொக்கிபோல வளைந்த ஒரு போல்ட். அதன் மரையைக் கழற்றி, கட்டையைத் தண்டவாளத்துக்கு அடியிலிருந்து உருவி, புதியதைச் செருகி, திரும்ப முடுக்கவேண்டும். ஒன்பது மணிக்கெல்லாம் ஒரு கண் முடிந்து இரண்டாவதில் பாதிக்கு மேல் வந்துவிட்டோம். அங்கேதான் சிக்கியது. அடுத்தடுத்திருந்த இரண்டு கட்டைகளில் நான்கு போல்ட்டுகளும் அசையவில்லை. என்றைக்குப் போட்டதோ, துரு ஏறி, கர்டரும் போல்ட்டும் ஒன்றாகிப் போயிருந்தன. எண்ணெய் விட்டோம். சுத்தியலால் தட்டினோம். ஸ்பேனரில் குழாயை மாட்டி நான்கு பேர் தொங்கினார்கள். குழாய் வளைந்ததே தவிர மரை நகரவில்லை.

மேற்பார்வைக்கு வந்திருந்த இன்ஜினியர் குனிந்து பார்த்தார். கேஸ் வைத்து அறுத்துவிடலாம் என்றார். ஆனால் பழைய கர்டர், நெருப்பு அதன் மேல் படக்கூடாது, நிதானமாக அறுக்கவேண்டும். கேஸ் உருளையைத் தென்கரையிலிருந்து தோளில் சுமந்து கொண்டுவரவேண்டும். மணி ஒன்பதரை தாண்டியது. அவற்றை ஒட்டியிருந்த பழைய கட்டைகளை முன்பே உருவிவிட்டதால் அங்கே நாலடிக்குத் திறந்து கிடந்தது, எல்லாம் உட்காராமல் வண்டியை விட முடியாது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு பாலத்தில் எதிர்த்திசை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. நம் பக்கத்து வண்டிக்கு வழியில்லை.

லைனில் நிற்கும்போது போன் பேசக்கூடாது. என் போன் வடகரையில், வேப்பமரத்தடியில், புடவைப் பையில் இருந்தது. புதிய போல்ட்டுகள் எடுத்துவர என்னைக் கரைக்கு அனுப்பினார்கள். போனபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. மாமியார்.

"ஏத்தா, வண்டி கூடல்நகர் தாண்டி சிக்னல்ல நின்னுபோச்சு. கால் மணி நேரமாச்சு." சுற்றிலும் உறவுகள் கேட்கட்டும் என்று சத்தமாகப் பேசினார். "ஒங்க ஆபீஸ்ல யாரையாச்சும் கேட்டுச் சொல்லு."

"கொஞ்சம் நேரமாகும் அத்தை."

"பாலத்துல எவனோ வேல பாக்குறானாம்ல. ஞாயித்துக்கெழம பாத்துத்தான் அவனுக்கு வேல வந்துச்சாக்கும். வெளங்குவானா அவன்?"

நான் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, அது நாந்தான்."

ரயிலுக்குள் குழந்தைகள் அழுவதும், யாரோ முறுக்கு விற்பதும் கேட்டன. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எம்புட்டு நேரமாகும்?" என்றார்.

"ஒரு மணி நேரம். கூடவும் ஆகலாம்."

"பன்னெண்டுக்கு எமகண்டம்."

"தெரியும் அத்தை."

"செத்த நேரம் முன்னால முடிக்க ஏலாதா?"

"முடியாது அத்தை. ஒழுங்கா போட்டாத்தான் நீங்க அதுமேல வரலாம்."

இன்னும் மெதுவாகச் சொன்னார். "இங்க எங்க அண்ணன் எல்லாரையும் இறங்கச் சொல்றாக. தண்டவாளத்தோடயே நடந்தா ஆத்தைத் தாண்டிறலாம், அந்தப் பக்கம் ஆட்டோ கெடைக்கும்ங்குறாக. தட்டையெல்லாம் எடுத்துக்கிட்டாக."

அவர் அண்ணன் எங்கள் வீட்டில் பெரியவர். அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது. முப்பது பேரும், பட்டுப்புடவையும் பழத்தட்டுமாக, என் ஏழு வயது மகளும் சேர்ந்து, தண்டவாளத்தில் நடந்து வருவதை நினைத்துப் பார்த்தேன்.

"அத்தை, நல்லாக் கேளுங்க. பாலத்துல இப்ப கட்டை இல்ல. ஆள் விழுற அளவுக்குத் திறந்து கெடக்கு. பக்கத்து லைன்ல வண்டி வந்துக்கிட்டே இருக்கு. ஒருத்தரையும் இறங்க விடாதீக. மாமா கோவிச்சாலும் பரவாயில்ல."

"சரி" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன முடிவு செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. போல்ட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலத்துக்குத் திரும்பினேன்.

அந்த ரயில் பெட்டிக்குள் என்ன நடந்ததென்று பிற்பாடு என் கணவர் பல தடவை சொல்லியிருக்கிறார். மாமியார் எழுந்து போய்க் கதவடியில் இரண்டு கம்பிகளையும் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர் அண்ணன் தேங்காய்த் தட்டோடு பின்னால் வந்திருக்கிறார்.

"நகரு தாயி. நேரமாவுது."

"யாரும் இறங்கக் கூடாது."

"ஏன்?"

"எம் மருமக சொல்லிட்டா."

"அவ ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டுச் சொல்லுவா. அவளுக்கு இங்க என்ன தெரியும்?"

"ஆபீஸ்ல இல்ல. பாலத்துலதான் நிக்கிறா. அவதான் கட்டை மாத்துறா."

பெட்டியே திரும்பிப் பார்த்ததாம். பெரியவர் தட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, "ஆபீஸ்னுதான சொன்ன?" என்று கேட்டிருக்கிறார்.

"அன்னைக்கு அப்பிடிச் சொன்னேன். இப்ப இப்பிடிச் சொல்றேன். போய் உக்காருங்கண்ணே."

அவர் போய் உட்கார்ந்தார். மாமியார் கதவை விட்டு நகரவில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியாது. பாலத்தில் நெய்க்காரப்பட்டிக்காரியிடம் மட்டும், அந்த வண்டியில் யார் வருகிறார்கள் என்று சொன்னேன். அவள் உடனே எழுந்து நின்றாள்.

"ஏனுங் மேஸ்திரி, நிக்கிற வண்டியில அக்கா ஊட்டு மாப்பிள்ள இருக்காருங்க. பன்னெண்டு மணிக்குள்ள தட்டு மாத்தோணுமாமுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவன், "அப்ப ஒரு கட்டைய விட்டுட்டு அனுப்பிருவமா?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்காமல் சொன்னார், "மாப்பிள்ளை வண்டின்னா இன்னும் ரெண்டு சுத்து சேத்து முடுக்குங்கப்பா."

கேஸ் உருளை வந்தது. அறுப்பவர் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு குப்புறப் படுத்தார். நீல நெருப்பு சன்னமாக எரிந்தது. பொறிகள் கட்டைகளுக்கு நடுவே விழுந்து, கீழே ஓடிய தண்ணீரைத் தொடுமுன் அணைந்தன. முதல் போல்ட் அறுபட்டுத் தொப்பென்று ஆற்றில் விழுந்தது. இரண்டாவதற்கு வெகுநேரமானது. அவரைச் சுற்றி நாங்கள் பதினைந்து பேரும் ஒன்றும் செய்யாமல் நின்றோம், அதுதான் அன்றைய கஷ்டமான வேலை. கடிகாரத்தைப் பார்க்கக்கூடாது என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நான்காவது போல்ட் விழுந்தபோது பத்தேகால்.

பிறகு பழைய கட்டைகளை உருவினோம். ஏறு வெயிலில் தார் எண்ணெய் வாசம் மூக்கில் ஏறியது. புதிய கட்டைகள் ஒவ்வொன்றையும் எட்டுப் பேர் தூக்கிச் செருகினார்கள். நானும் அவளும் எதிரெதிரே குந்தி மரைகளை முடுக்கினோம். என் ஸ்பேனர் நிற்கும் இடத்தில் அவள் ஸ்பேனர் தொடங்கும். அதைப் பழகிக்கொள்ள எங்களுக்கு இரண்டு வருடமாகியிருந்தது. இன்ஜினியர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார், தண்டவாளத்தின் இடைவெளியை அளந்தார், ஒரு மரையைக் காட்டி "இத இன்னும் கொஞ்சம்" என்றார். அது நான் முடுக்கியது. எழுந்தவள் திரும்பக் குந்தி, இன்னொரு கால் சுற்று முடுக்கினேன். தலையாட்டினார். லைனை ஒப்படைக்கிறோம் என்று ஸ்டேஷனுக்குத் தகவல் சொன்னார்கள். மணி பதினொன்று.

முதல் வண்டி மெதுவாகத்தான் போகவேண்டும், நடையை விடக் கொஞ்சம் வேகமாக. நாங்கள் ஆளுக்கொரு மேடையில் ஒதுங்கினோம். மேஸ்திரி பச்சைக்கொடியை என் கையில் கொடுத்து, புதிய கட்டைகளுக்கு நேராக இருந்த மேடையில் என்னை நிற்கச் சொன்னார்.

பாதத்தில் இரும்பு துடித்தது. இன்ஜின் வளைவில் தெரிந்தது. எத்தனையோ வண்டிகளை அப்படிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மட்டும் என் கண் வண்டியில் இல்லை, கட்டைகளின் மேல் இருந்தது. முதல் சக்கரம் ஏறியதும் கட்டைகள் ஒரு மயிரிழை அமுங்கி, திரும்ப எழுந்தன. இரண்டாவது சக்கரம். மூன்றாவது. போல்ட்டுகள் அசையவில்லை. அப்போதுதான் மூச்சு விட்டேன், நிமிர்ந்து பார்த்தேன்.

ஒவ்வொரு சன்னலாக முகங்கள் கடந்தன. ஒன்றரை மணி நேரம் காத்திருந்த முகங்கள். சிலர் முறைத்தார்கள், ஒரு பெரியவர் கும்பிட்டார். நான்காவது பெட்டியின் சன்னல் கம்பிகளுக்கு நடுவே என் மகளின் இரண்டு கைகளும் வெளியே நீண்டன.

"அம்மா. எங்கம்மா. இது எங்கம்மா."

அவளுக்குப் பின்னால் என் கணவர், மாலை வாங்கிவந்த பையை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளைக் கொழுந்தன் வெட்கப்பட்டுக்கொண்டு கையை அசைத்தான். அடுத்த கதவில் மாமியார். இரண்டு கம்பிகளையும் பிடித்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். முதலில் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, சக்கரத்துக்கு அடியில் போய்க்கொண்டிருந்த கட்டைகளையும் அதற்குக் கீழே தெரிந்த ஆற்றையும் பார்த்தார். பிறகு என் கையையும் கொடியையும் பார்த்தார். என் மேடையைக் கதவு தாண்டும்போது, நானும் அவரும் கை நீட்டினால் தொட்டுக்கொள்ளும் தூரத்தில் இருந்தோம்.

"சாப்டியா?" என்று கேட்டார்.

இல்லையென்று தலையாட்டினேன். அதற்குள் கதவு போய்விட்டது. அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

தட்டு பதினொன்று நாற்பத்தைந்துக்கு மாற்றினார்கள். நான் அங்கே இல்லை. கருவிகளை எண்ணிக் கட்டி, பழைய கட்டைகளை அடுக்கிவிட்டு நானும் நெய்க்காரப்பட்டிக்காரியும் மண்டபத்துக்குப் போய்ச்சேர ஒன்றரை ஆகிவிட்டது. புடவை மாற்ற இடம் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் மாமியார் பார்த்துவிட்டார். ஆரஞ்சுச் சட்டையோடு, முகமெல்லாம் கரியோடு என்னை அப்படியே கையைப் பிடித்துப் பெண்ணின் அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"இதுதான் என் மூத்த மருமக. பாலத்துல கட்டை மாத்துறவ. இவ வேல முடிச்ச பெறகுதான் நாங்க வந்தோம்."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. "எங்க வீட்டுல எல்லாரும் லேட்டுக்கு ரயில்வேயத் திட்டிக்கிட்டு இருந்தோம்மா, மனசுல வச்சுக்கிறாத" என்றார். அத்தையும் திட்டினாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். மாமியார் என் கையை அழுத்தினார். சும்மா இருந்துவிட்டேன்.

பந்தி முடிந்திருந்தது. எங்கள் இரண்டு பேருக்காக மட்டும் இலை போட்டார்கள். மாமியாரே கரண்டி பிடித்தார். சாம்பார், இரண்டு வெஞ்சனம், வடை. ஸ்பேனர் பிடித்த விரல்கள் சோற்றைப் பிசைய மடங்க மறுத்தன. மாமியாரின் அண்ணன், பெரிய மாமா, எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, அந்தப் பாலத்துல நெசமாவே ஓட்டையாக் கெடந்துச்சா?"

"ஆமா மாமா. நாலடிக்கு."

"நான் சின்ன வயசுல நடந்திருக்கேன்."

"அப்பவும் நடந்திருக்கக் கூடாது மாமா."

அவர் சிரித்துவிட்டார். "பாயசம் ஊத்துங்க இவுகளுக்கு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். நெய்க்காரப்பட்டிக்காரி மூன்று தடவை வாங்கிக் குடித்தாள்.

சாயங்கால வண்டியில் எல்லோரும் ஒன்றாகத் திரும்பினோம். திரும்புகிற வண்டி பக்கத்துப் பாலத்தில் போகும். அதனால் சன்னலில் எங்கள் பாலம் முழுதாகத் தெரிந்தது. வெயில் சாய்ந்து, கல் தூண்கள் மஞ்சளாக இருந்தன. தூணுக்கடியில் இரண்டு பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமியார் என்னைச் சன்னலோரம் உட்காரவைத்துப் பக்கத்தில் அமர்ந்திருந்தார். மகள் என் மடியில்.

"எதும்மா நீ போட்டது?" என்று மகள் கேட்டாள். காட்டினேன். அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியாது. தெரிந்ததாகச் சொன்னாள். மாமியார் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுப் பெரிய பாலமா? இத்தன வருசமா இதுமேலதான் போறோம். ஒரு நாளும் பாத்ததில்ல."

சமயநல்லூர் வருவதற்குள் பெட்டியில் பாதிப்பேர் தூங்கிவிட்டார்கள். மாமியார் தூங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத அம்மாளிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் காலையில் வண்டி தாமதமானதைப் பற்றி ஏதோ சொன்னார். மாமியார் என் பக்கம் கையைக் காட்டி என்ன பதில் சொன்னார் என்று என் காதில் விழவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடியும் வேலை. சன்னலில் தலையைச் சாய்த்து நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.